துளசிமாடத்தில் மாத்திரை

மாமல்லபுரம்
4-12-1999, சனி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சுப்ரஜா நமஸ்காரம். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போன் அப்பா கட்டிலின் தலைமாட்டில் இருப்பதால் உன்னோடு பேச வழியில்லை.

நீ அப்பாவுக்குக் கிட்னி கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. கால் வீக்கம் வற்றிவிட்டது. காலையில் பாசுரம் சொல்லும் குரல் தெருமுனை வரை கேட்கிறது. ஆனால் போன வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது, கிட்னி சோர்ந்தால் அது ஏறுமாம். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "கடிகாரம் தப்பினாலும் நான் தப்ப மாட்டேன்" என்றார் அப்பா. அம்மா தன் சாம்பாரில் உப்பு கூடிவிட்டதோ என்று அழுதாள்.

நேற்று மழை விடுமுறை. அம்மாவுக்கு மட்டும் கல்பாக்கம் ஆபீஸ் இருந்தது. வீட்டு வேலைக்கு வருகிற வேண்டா அக்கா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னா பாப்பா, உங்க நைனா துளசிக்கு மாத்திரை குடுத்துகினு கீறாரு? செடிக்கு இன்னா நோவு?"

கேலியாகத்தான் கேட்டாள். மழையில் துளசிமாடத்து மண் கரைந்து, புதைத்து வைத்த மாத்திரைகள் வெளியே வந்திருந்தன. அப்பாவிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு ஏகாதசிடி. தண்ணிகூடக் கிடையாது. உங்கக்கா மீரா கல்யாணம் நிச்சயமாற வரைக்கும் ஏகாதசிக்கு ஏகாதசி இப்படி இருக்கேன்னு திருவிடந்தைப் பெருமாளுக்குப் பிரார்த்திச்சிண்டிருக்கேன்."

"ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டா உடம்பு புதுக் கிட்னியை ஏத்துக்காதுன்னு டாக்டர் சொன்னாரே அப்பா?"

"டாக்டருக்கு என்ன? ஒத்தைக் கிட்னிப் பொண்ணு வேண்டாம்னு வரன் பேசின நங்கநல்லூர்க்காரா போயிட்டா. எனக்குக் கொடுத்ததாலதானே? அம்மாட்ட மூச்சு விட்டியோ, உன்னோட பேசவே மாட்டேன்."

கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மற்ற நாட்களில் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாராம். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று செய்யவில்லை. இது பாவமா?

அப்பா ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது. முன்னே மூத்திரமே வராததால் அந்தச் சத்தமே கிடையாதே. அது மறுபடி நின்றுவிட்டால்? வைகுண்ட ஏகாதசி பதினெட்டாம் தேதி வருகிறது. அதற்குள் ஏதாவது செய் அக்கா. பதிலை வேண்டா அக்கா வீட்டுக்குப் போடு, விலாசம் பின்பக்கம்.

உன் தங்கை
சுப்ரஜா


பெங்களூர்
9-12-1999

சுப்புக்குட்டிக்கு,

அக்காவின் ஆசீர்வாதமும் முதுகில் ஒரு தட்டும். பாவமே இல்லை. நீ வக்கீலுக்குப் படி.

உடனே ஓடிவரத்தான் நினைத்தேன். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் முழிக்கும் என்று இங்கே எல்லோரும் பயந்து கிடக்கிறார்கள். பொங்கல் வரை லீவு கிடையாதாம். போனில் சொன்னால் அப்பா "சரி சரி" என்று வைத்துவிட்டு மறுபடி துளசிக்குத்தான் வைத்தியம் பார்ப்பார். மாத்திரை தொண்டையில் இறங்குவதைப் பார்க்க எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். அது நீதான். இதைப் படித்த அன்றே போய் நில். என்ன சொன்னாலும் நகராதே. மீதிக் கடிதத்தை அவரிடமே கொடு.

அப்பா, நங்கநல்லூர்க்காரர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அந்தப் பையன் என்னை ஓட்டலில் சந்தித்தபோது, மிச்சமிருக்கும் கிட்னியை ஸ்கேன் எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டான். முதலில் உங்கள் மூளையை ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, என் தோசையைச் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன். அம்மா திட்டுவாளே என்று அவர்களே மறுத்துவிட்டதாகச் சொன்னேன். அது உங்களை இப்படிப் படுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கிட்னி உங்களிடம் பிழைக்க வந்திருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொடுக்காமல் எனக்குக் கல்யாணம் வாங்க வேண்டாம். பெருமாளுக்குச் சொன்ன வார்த்தையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரார்த்தனை எனக்காகத்தானே? வைகுண்ட ஏகாதசிக்கு நானே பட்டினி இருக்கிறேன். நீங்கள் மாத்திரை போடுங்கள்.

மீரா


மாமல்லபுரம்
19-12-1999, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். படித்த அன்றே போய் நில் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதம் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. நேற்று விடியற்காலையில் அம்மா பரமபத வாசல் சேவிக்கக் கோயிலுக்குப் போனாள். கூட்டத்தில் போகக் கூடாது என்பதால் அப்பா போகவில்லை. அம்மா கொடுத்துவிட்டுப் போன மாத்திரைகளை மடியில் முடிந்துகொண்டு கொல்லைப்பக்கம் கிளம்பினார். நான் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றேன்.

"நகருடி."

"மாட்டேன்."

இதுவரை அப்பாவிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவருக்கே ஆச்சரியம். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. அறைதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. வயிற்றுத் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னாளா! அடிப்பாவி! அதுக்கப்புறம் தோசையை வேற சாப்பிட்டாளா!"

அப்புறம் மறுபடி படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"நிஜமாவே பட்டினி இருக்காளாடி?"

"இருப்பா அப்பா."

"காலம்பற ஒன்பது மணி தாண்டினா பசி தாங்காம அழுவாளே அவ!" கடிகாரத்தைப் பார்த்தார். மடியை அவிழ்த்தார். "கொடு சொம்பை. அவ பட்டினி வீணாப் போகக் கூடாது."

ஒவ்வொன்றாக விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார்! அம்மா திரும்பியதும் தானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அம்மா திட்டியது கோயில் வரை கேட்டிருக்கும். நாளைக்கு ரத்தப் பரிசோதனை. அங்கேயும் தானே சொல்லிவிடுகிறாராம்.

பழக்கத்தில் இன்றைக்கும் போர்வைக்குள்தான் எழுதுகிறேன். ரொம்பப் பசித்ததா அக்கா?

சுப்ரஜா

21-12-1999

மீராவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். தபாலில் சேர்க்கும் முன் சுப்ரஜாவின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கிரியாட்டினின் இறங்கிவிட்டது. டாக்டர் என்னைப் பள்ளிப் பையனை நிறுத்துவதுபோல நிற்கவைத்துத் திட்டினார். நன்றாகத்தான் திட்டினார்.

பொங்கலுக்கு வா. திருவிடந்தைக்கு எல்லோரும் கூட்டமில்லாத வேளையில் போவோம். பெருமாளிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ அதுவரை வேளைக்குச் சாப்பிடு.

இரண்டு வருஷம் டயாலிசிஸில் கிடந்தவனுக்குத்தான் நடு இரவில் எழுந்து போவதன் அருமை தெரியும். ஞாயிறு இரவு அப்படிப் போகையில்தான் சுப்ரஜாவின் போர்வைக்குள் வெளிச்சம் பார்த்தேன். இனிமேல் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுது என்று சொல்லிவிட்டேன்.

இப்போதும் எழுந்து போகவேண்டியிருக்கிறது. மற்றதைச் சுப்ரஜா எழுதுவாள்.

அப்பா
பாஷ்யம்