பேப்பரில் வராத நம் ஊர்

20-12-1969

அன்புள்ள மகன் தங்கையனுக்கு அம்மா சொல்ல, உன் தங்கை தையல்நாயகி எழுதுவது. இங்கே மூன்று உயிரும் சுகம், ஈப்போவில் உன் ஓர் உயிர் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு நாளெல்லாம் நினைப்பு.

உறையைப் பிரித்ததும் கடிதத்துக்கு முன்னால் ஒரு பேப்பர் துண்டு விழுந்தது. தஞ்சை என்ற எழுத்தின் அடியில் நீ சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்ததைத் தையல்தான் முதலில் பார்த்தாள். கூலித் தகராறு, அரிவாள் வெட்டு என்று அதில் இருக்கிறதாம். அதைப் படித்துவிட்டுத் தைக்கு வரவில்லை, கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதிவிட்டாய். நாலு வருஷமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை, குரல்கூட மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போன மார்கழியில் கிழக்கே கூலி கேட்ட சனத்தைக் குடிசையோடு கொளுத்தி அத்தனை உயிர் போனது பொய்யில்லை, நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. ஆனால் நம் ஊரில் கூலிப் பேச்சு கோயில் வாசலில் இரண்டு நாள் நடந்து, அரைப்படி நெல் கூடக் கொடுப்பதாக முடிந்துவிட்டது, அதை எந்தப் பேப்பரில் போட்டார்கள். நாகநாதன் டீக்கடையில் தினமும் வெட்டுக் குத்தை உரக்கப் படித்துவிட்டு, நம் வயலை அறுக்கிற பக்கிரியையே ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். அவன், "இது நெல்லறுக்குற அருவாதாங்க, வேணும்னா இதையும் பேப்பர்ல போடச் சொல்லுங்க" என்றானாம். கதிர் வருகிற நேரத்தில் நம் வாய்க்காலில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை, அப்பா மடையிலேயே கிடக்கிறார், அதைப் பற்றி அந்தக் கடையில் ஒரு பேச்சு இல்லை, பேப்பரில் வரவில்லையே. போன வைகாசியில் மலேயாவில் கலகம் என்று ரேடியோவில் சொன்னதும் நான் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. நீ என்ன எழுதினாய், அது கோலாலம்பூரிலம்மா, நாங்கள் அறையில் சமைத்துத் தின்றுகொண்டிருந்தோம் என்றுதானே. இப்போது நான் உனக்குச் சொல்வதும் அதுதான். சீட்டைத் திருப்பிக் கொடுக்காதே. புறப்பட்டு வா.

வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் பேப்பர் படிக்காதே. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் தந்தி கொடுக்க மறக்காதே. நோய் நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பிரகதாம்பாள் (கைநாட்டு)

அண்ணா, இது நான், தையல். அம்மா சொன்னபடியேதான் எழுதினேன், ஒரு விஷயம் தவிர. கடைசியில் அம்மா, "எதுக்கும் இந்தத் தைக்கு வேணாம்னு போடுடி, பேப்பர்ல சும்மாவா போடுவான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எட்டாவதோடு நின்றவள், அம்மாவை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "சரிம்மா" என்றேன். சீட்டைத் திருப்பிக் கொடுக்காதே, புறப்பட்டு வா என்று எழுதி, தந்தி கொடுக்கிற வரியையும் நானே சேர்த்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், அம்மாவின் பெருவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.