பூரணியின் சொந்தம், என் போன்

மார்ச் 4, 2024
தேயிலைக் கொழுந்து ஏற்றிய என் லொறி டயர் போய் ராகலைச் சந்தியில் ஒரு மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி பூரணி அழுதுகொண்டிருக்கிறாள். யார் செத்தார்கள் என்று பதறினேன். யாரும் சாகவில்லை, கிடைத்திருக்கிறார்கள். எழுபத்து நாலில் ஒப்பந்தப்படி இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய அவளுடைய தாய்மாமன் குடும்பத்தை எங்கள் மகள் லோஜினி நெட்டில் தேடிப் பிடித்துவிட்டாள். கூடலூரில் இருக்கிறார்களாம். சந்தோஷம்தான்.

மார்ச் 9
சந்தோஷம் குறைந்துவிட்டது. தினமும் ஏழு மணிக்கு வீடியோ கோல். அதுவும் என் போனில். மொத்தம் இருபத்தேழு பேர், தலையை எண்ணிவிட்டேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம், என் பேச்சுக்கு பூரணி ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை. திடீரென்று போனை என் பக்கம் திருப்பினாள். "மாமா, வணக்கம் மாமா!" என்று ஒரே கூச்சல். நான் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10
எனக்கும் ஆள் உண்டு. அப்பாவின் அண்ணன் மாயாண்டி, எழுபத்து மூன்றில் இந்தியா போனவர். "என் பெரியப்பாவையும் நெட்டுல போடு" என்று லோஜினியிடம் சொன்னேன். பேர், தோட்டம், என் நம்பர் எல்லாம் போட்டாள். அவள் அம்மாவுக்குப் போட்டதற்குக் கீழேயே போட்டாள். அங்கேயும் நான் கீழேதான்.

மார்ச் 17
மாயாண்டி என்று தேடினால் மாயாண்டி சாமி கோயில் கிடாவெட்டுதான் வருகிறது. "பொறுங்க, ஒங்களுக்கும் ஒரு நேரம் வரும்" என்கிறாள் பூரணி. ஜெயித்தவள் சொல்லும் ஆறுதல். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 22
ஒன்றுமில்லை.

மார்ச் 26
ஒரு காரியம் செய்தேன். பெக்டரியில் கொழுந்து இறக்கும்போது வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் வந்தது. கோத்தகிரியாம். "நாங்க பழனியாண்டி குடும்பம். தாத்தா உங்க தோட்டத்துல இருந்துதான் வந்தாரு. நீங்க சொந்தமா?" கூடவே ஒரு படம். எங்கள் பக்கம் இந்தியா போன பழனியாண்டி யாரும் கிடையாது. அப்படியென்றால் இதுவும் பூரணி கட்சி! இருபத்தேழு போதாதா? படத்தைத் திறக்கவே இல்லை. பிளாக் பண்ணினேன். அதுவும் போதாமல் எல்லாவற்றையும் அழித்தேன்.
"என்ன, இன்னைக்கு மூஞ்சி தெளிவா இருக்கு?" என்றாள் சாயந்தரம்.

ஏப்ரல் 2
பெரியப்பா பிறந்த வருஷம் கேட்க உடப்புசல்லாவைக்குப் போனேன். நாகலெட்சுமி அத்தை, அப்பாவின் தங்கை, தலையில் அடித்துக்கொண்டார்.
"மாயாண்டின்னு தேடுனா எப்புடிடா கெடைப்பான்? அந்தப் பேருல அவனுக்குப் பாஸ்போட்டே வரல. மூத்தவன் பழனியாண்டிக்குத்தான் வந்துச்சு. வந்த வாரமே அவன் காச்சல்ல போயிட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. செத்தவன் பேப்பர வச்சுத்தான் இவன் கப்பலேறுனான். அங்கயும் அதே பேருதான்."
இளவயதிலேயே செத்த அந்த மூத்தவரைப் பற்றி அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. பழனியாண்டி. கோத்தகிரி. அடப்பாவி, என்ன செஞ்சுட்டேன் நான்? வாசலுக்கு வந்து கூப்புட்டவங்கள நானே தொரத்திட்டேனே —

ஏப்ரல் 3
இருவரிடமும் சொல்லிவிட்டேன்.
"என் ஆளுங்கன்னு நெனச்சுத்தான் அழிச்சீங்களா?" என்று பூரணி கேட்டாள்.
ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? சோற்றைத் தட்டில் கொட்டினாள். லோஜினி என் போனை எடுத்து நோண்டிக்கொண்டே இருந்தாள்.
"அப்பா, அழிச்சது மட்டும்னா நம்பர் போயிருக்கும். பிளாக் பண்ணுனதால லிஸ்ட்டுல அப்புடியே இருக்கு."
பாதிப் பொறாமைக்காரனாக இருந்திருந்தால் பெரியப்பா போயிருப்பார். முழுப் பொறாமை காப்பாற்றியது. இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பூரணி சிரித்துவிட்டாள். கூடலூருக்கு இல்லை, எனக்கு.
பிளாக்கை எடுத்து, மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

ஏப்ரல் 6
பதில் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா? அந்தப் படத்தையாவது பார்த்திருக்கலாம்.

ஏப்ரல் 9
இன்னும் பதில் இல்லை. பூரணி என்னைக் கேட்காமலே கூடலூர்க்காரர்களைக் கோத்தகிரியில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த இருபத்தேழு பேரும் நல்லா இருக்கட்டும்.

ஏப்ரல் 14, வருஷப்பிறப்பு
ஏழு மணிக்கு பூரணி வந்து நின்றாள். "ஏங்க, கூடலூர்ல காத்துக்கிட்டு இருப்பாங்க. போனக் குடுங்க."
கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். போனுக்குள், கூடலூர்க்காரர்கள் கோத்தகிரியில் தேடிப் பிடித்த என் அப்பாவின் மூக்கு, நரைத்த மீசையோடு. "தம்பி மவனா? வெளிச்சத்துக்கு வாடா, நல்லாப் பாக்கணும்" என்றது.
நான் ஆறு மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.