தறிச் சத்தத்தைக் குறைத்தவளுக்கு

இன்று மதியம் கரண்ட் போனது. பிள்ளைகள் சாதமும் முட்டையும் தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்து அப்போதுதான் கண் அசந்திருந்தார்கள். தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறி அத்தனையும் ஒன்றாக நின்றன. வெளியூர்க்காரர்களுக்குச் சத்தம் வந்தால் தூக்கம் கெடும். நம் ஜலகண்டாபுரத்துப் பிள்ளைகளுக்குச் சத்தம் நின்றால் கெடும். புதிதாக அங்கன்வாடிக்கு வந்திருக்கும் சின்னது ஒன்று மூலையில் எழுந்து உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கியது. பழக்க தோஷத்தில் நான் உன் பக்கம் திரும்பினேன். உன் நாற்காலியில் துவைத்த விரிப்புகளை மடித்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்புக் கட்டையை எடுத்தேன். வீடு கட்டி விளையாடக் கொடுத்த கட்டைகளில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஒரு முனையில் பெயிண்ட் போய் மரம் தெரிகிறது. உன் இடத்துக்கு வந்திருக்கும் டீச்சர், ஏதோ பிள்ளை கடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ தட்டித் தட்டித் தேய்ந்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

என் மையத்துக் கட்டடம் மழைக்கு ஒழுக ஆரம்பித்தபோது என்னையும் என் பிள்ளைகளையும் உன் மையத்துக்கு அனுப்பினார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் நம் இருவர் தலையும் நரைக்கும்வரை ஓடியது. ஒரே கூடம், நடுவில் ஓர் அலமாரி. இந்தப் பக்கம் என் பிள்ளைகள், அந்தப் பக்கம் உன் பிள்ளைகள். அதுகள் முழித்திருக்கும்போது நமக்குள் "ஏனுங்க டீச்சர்" என்று மரியாதை. தூங்கிவிட்டால் வா புள்ள, போ புள்ள. நான் தொண்டையைக் கொண்டு வேலை வாங்குகிறவள். நீயோ தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாய். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். நீயும் சும்மா இருக்க மாட்டாய். "உன் வாய் ஒண்ணு போதும், ஒரு தறிப் பட்டறையே ஓடும்" என்பாய்.

தர்ஷினி வந்த வருஷம்தான் எனக்கு உன்னைப் புரிந்தது. அவள் அப்பன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். அம்மா பக்கத்துத் தெருப் பட்டறையில் தறி ஓட்டினாள். பிள்ளை காலையெல்லாம் சமர்த்தாக விளையாடும். சாப்பிட்டுப் பாயில் போட்டால் போதும், வீல் என்று கத்தும். தூக்கம் கண்ணைச் சொக்கும், ஆனால் தூங்காது. அது கத்துவதைக் கேட்டு மற்றதெல்லாம் எழுந்துவிடும். தினமும் அம்மாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஓடி வருவாள்.

ஒருநாள் வாசலிலேயே நின்றாள். "நாளைல இருந்து அனுப்பலீங்க டீச்சர். புள்ளையப் பாக்கறதுன்னா ஊட்லயே இருந்துக்க, வேற ஆளு போட்டுக்கறேங்கறாரு ஓனரு. பட்டறையிலயே எங்கூட வெச்சுக்கறேனுங்க."

நடக்கத் தெரிந்த பிள்ளையைப் பெல்ட்டு ஓடுகிற இடத்தில் வைத்துக்கொள்வதா? நான் அவளைத் திட்டத் தொடங்கினேன். நீ என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு அவளிடம் கேட்டாய்.

"உங்க ஊட்ல எப்பிடிச் சாமி தூங்குவா?"

"ஊட்ல எங்கீங்க? பொறந்ததுல இருந்து பட்டறையிலதான். தறிக்குப் பக்கத்துலயே தூளி."

"கரண்ட் போனா?"

"முழிச்சுக்குமுங்க. அழுது ஊரையே கூட்டீரும்."

தெருவில் ஓடுகிற தறி மற்றப் பிள்ளைகளுக்குப் போதும், அவளுக்கு அது எட்டவில்லை என்று உனக்குப் பிடிபட்டுவிட்டது. "இந்த ஒரு வாரம் உட்டுப் பாரு கண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாய். மறுநாள் அவளைப் பாயில் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து, சிவப்புக் கட்டையால் தரையில் தட்டினாய். டக்கடக், டக்கடக். அசல் தறி தோற்றது. "ஏன் புள்ள, ஊர்ல ஓடற தறி பத்தாதுன்னு நீ வேற ஒண்ணு போட்டுட்டயா?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே தட்டினாய். தர்ஷினியின் இமை இறங்கியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிப்போனாள்.

தூங்கிவிட்டாள் அல்லவா, நிறுத்து என்றேன் நான். நிறுத்த மாட்டேன் என்று தலையை ஆட்டினாய். அப்புறம் நாள் போகப் போகக் கட்டைக்குத் துணி சுற்றினாய். கட்டை போய் உள்ளங்கை வந்தது. உள்ளங்கை போய் ஒரு விரல். பொங்கல் வருவதற்குள் அந்த விரலும் தேவைப்படவில்லை. அவள் அம்மாவுக்குத் தறி வேலை போகவில்லை, பிள்ளை பட்டறைக்குள் போகவில்லை. "ஒரேயடியா நிறுத்தக் கூடாது சாமி. கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சா, அது போனதே அதுகளுக்குத் தெரியாது" என்றாய்.

நீ எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தாய். புதுப் பிள்ளை வந்தால் முதல்நாள் அதன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைப்பாய். அடுத்து வாசற்படி, அடுத்து வேப்பமரம், அப்புறம்தான் தெரு. மணலில் எழுதும்போது முதலில் பிள்ளையின் விரலைப் பிடிப்பாய், பிறகு மணிக்கட்டை, பிறகு முழங்கையை. கடைசியில் பிடிக்காமலே கூட உட்கார்ந்திருப்பாய். அதற்குள் நான் என் பிள்ளைகளை இரண்டு பாட்டுப் பாட வைத்துவிட்டு உன்னைக் கேலி பண்ணுவேன். பண்ணிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம். முந்தின நாள்தான் "திங்கக்கெழமை சீக்கிரமா வா புள்ள, பாயெல்லாம் வெய்யில்ல போடோணும்" என்றாய். திங்கட்கிழமை சீக்கிரமாகத்தான் வந்தேன், உன் வீட்டுக்கு.

சாவு விழுந்தால் எடுக்கிறவரை தெருவில் தறி ஓட்ட மாட்டார்கள். நீ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். தெருவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது வீட்டுக்குள் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டு, நாற்காலி போடச் சொல்லிக் கத்திக்கொண்டு திரிந்தேன்.

தர்ஷினி அம்மாவோடு வந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், முன்பல் விழுந்திருக்கிறது. என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், தறியெல்லாம் ஏன் ஓடல?"

"நம்ம டீச்சர் செத்துப் போயிட்டாங்கல்ல கண்ணு. எடுக்கற வரைக்கும் ஓட்ட மாட்டாங்க."

கொஞ்ச நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, பெட்டியை வைத்திருந்த பெஞ்சின் காலில் விரல் முட்டியால் தட்டினாள். டக்கடக், டக்கடக். "எளவு ஊட்ல என்ன புள்ள வெளையாட்டு?" என்று உன் சொந்தக்காரர் ஒருவர் அதட்டினார். அவள் அம்மா பதறிப்போய் இழுக்க வந்தாள். "உடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வீடே அடங்கியது. அவள் தட்டினாள். பிறகு உள்ளங்கையால். பிறகு ஒரு விரலால். அது இவளுக்கு எப்படி நினைவிருக்கும்? கடைசியில் விரலை எடுத்துவிட்டு, நீ முழித்துவிடுகிறாயா என்று எட்டிப் பார்த்தாள். அப்போது அழுதேன் பார், என்னை இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்றும் தட்டினேன். கட்டையால், உள்ளங்கையால், விரலால். கரண்ட் வருவதற்கு முன்பே அந்தச் சின்னது தூங்கிவிட்டது. புது டீச்சர் ஆச்சரியமாகப் பார்த்தாள். நாளைக்கு அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன், கவலைப்படாதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தாய். அலமாரிக்கு அந்தப் பக்கம் உன் சத்தத்தைக் கேட்டே பழகிப்போன என்னை ஏன் புள்ள நினைக்கவில்லை? எனக்கு மட்டும் ஒரேயடியாக நிறுத்திவிட்டாயே.

கரண்ட் வந்து தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பிள்ளைகள் எல்லாம் தூங்குகிறார்கள். நான்தான் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.