வெட்டாமல் விட்ட ராணி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் உறுத்துகிறது, அதனால் இந்த முறை இரண்டு பக்கம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் கிளினிக்கில் என் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, சொத்தைப் பல்லை அப்படியே விட்டாய். நான் தப்பான பக்கத்தைக் காட்டினேன் என்று நீ சொன்னாய். வாய் மரத்துப் போனவன் எதைக் காட்டுவான்? நம் இரண்டு வீட்டுப் போக்குவரத்து அன்றைக்கு நின்றதுதான். கடைசியில் தபாலில் செஸ் ஆடுவோம், தோற்றவன் ஜெயித்தவன் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பந்தயம் கட்டினோம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழாவது நகர்த்தலில் இருந்து நான் ஆடவில்லை மச்சான், கம்ப்யூட்டர் ஆடுகிறது. லிப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்திலெல்லாம் தலை நிமிர்ந்து நடக்கிற நான், உன்னிடம் வந்து தலை குனிவதா என்ற வீம்பு. மகளிடம் சொல்லி அந்தப் புரோகிராமைப் போட்டுக்கொண்டேன்.

நீ மட்டும் என்ன யோக்கியமா? ஒரு நாள் விளையாட்டாக, உன் பக்கம் என்ன ஆடலாம் என்று அதனிடமே கேட்டுப் பார்த்தேன். ஐந்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது, அச்சு அசலாக அதே நகர்த்தல். அப்புறம் ஒன்பது முறை பார்த்துவிட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. பல் டாக்டருக்கு அவ்வளவு மூளை ஏது!

ஆக, இரண்டு கம்ப்யூட்டருக்கு நாம் இரண்டு பேரும் தபால் செலவு செய்துகொண்டிருந்தோம். முதலில் எல்லாம் கடிதத்தில் என்னைத் திட்டுவதற்கே ஒரு பக்கம் ஒதுக்குவாய். பிறகு ஒற்றை வரியாகிவிட்டது. உன் அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குதிரை எங்க போச்சுன்னு எழுதத் தெரியுது, முட்டிவலி தேவலையான்னு எழுதத் தெரியலையா இவனுக்கு?" என்று பொருமுவாள்.

போன மாதம் அவள் செய்த காரியத்தைக் கேள். கடிதத்தைத் தபாலில் போடுவது அவள்தானே. ஒட்டின உறையைப் பிரித்து, "ராணி மூன்று கட்டம்" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு "நான்கு கட்டம்" என்று எழுதி மறுபடி ஒட்டியிருக்கிறாள். நான்காவது கட்டம் உன் யானைக்கு நேர் எதிரே! நான் தோற்றால்தானே அவள் உன் வீட்டுக்கு வர முடியும்? உனக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான் என்பதை நான் மறந்துபோனேன்.

உன் பதில் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்! கம்ப்யூட்டரிடம் கேட்டால், யானையால் ராணியை வெட்டு, ஆட்டம் முடிந்தது என்கிறது. ஆனால் உன் கடிதத்தில் "யானையால்" என்று எழுதி அடித்திருந்தாய். அதன் கீழே, ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம். அதற்கும் கீழே, "அத்தான், நல்லா யோசிச்சுத்தான் வெச்சீங்களா? உடம்பு சரியில்லையா?"

எந்தக் கம்ப்யூட்டரும் அப்படிக் கேட்காது மச்சான். உன் அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போனவள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வெட்டியிருந்தால் நான் உன் வாசலில் கைகட்டி நின்றிருப்பேன். நீ வெட்டவில்லை.

அதனால் நானே என் ராஜாவைப் படுக்கப் போட்டுவிட்டேன். தோற்றது நான்தான். வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம். பல் பேச்சை எடுக்க மாட்டேன், நீயும் என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லாதே. பலகையை எடுத்து வருகிறேன், நேருக்கு நேர் உட்கார்ந்து தப்புத் தப்பாக ஆடுவோம். நீ நன்றாக இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு மட்டும் வந்துவிடப்பா.

இப்படிக்கு,
தோற்றுப்போன உன் அத்தான்

தம்பி, அவர் சனிக்கிழமைன்னுதான் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைன்னு மாத்தினது நான். இன்னும் ஒரு நாள் என்னால பொறுக்க முடியாதுடா. — அக்கா