நிறுத்துக் கொடுத்த முப்பத்தொரு பிள்ளைகள்

அனுப்புநர்:
மு. அர்த்தனாரி, பி.ஏ.,
உதவி ஆசிரியர் (உடற்பயிற்சி, சுகாதாரம், சாரணர்),
அர்ச். வனத்துச் சின்னப்பர் உயர்நிலைப் பள்ளி,
தேவனூர் நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
சேலம்.

பொருள்: மாணவர் உடல்நலப் பதிவேட்டில் 9-6-1957 அன்று பதிந்த எடைகளை ரத்து செய்து, விடுதிப் பிள்ளைகள் முப்பது பேரைப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் செல்ல வழி செய்யும்படி வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளி விடுதியில் மலைப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் தங்கிப் படிக்கிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து அவர்களில் ஒருவர் மட்டுமே வீட்டுக்குப் போயிருக்கிறார். மற்றவர்களை நாங்கள் பிடித்து வைக்கவில்லை. கதவு திறந்தே இருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளை வெறுக்கவில்லை. ஆயினும் போக முடியவில்லை. காரணம் எடை.

2. ஒவ்வொரு பிள்ளையின் உயரமும் எடையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. உயரத்துக்குச் சுவர் இருந்தது. எடைக்கு ஒன்றும் இல்லை. பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு நிறுக்கும் பெரிய தராசை இரவல் வாங்கலாம் என்ற யோசனை என்னுடையது. தராசை நான்கு பேர் சுமந்து மலையேறினார்கள். கூடவே அதை நிறுப்பவர் செல்லமுத்துவும் வந்தார். தராசை வேறு கை தொட அவர் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பலாமரக் கிளையில் அதைத் தொங்கவிட்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்த பெற்றோர் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

3. செல்லமுத்து இருபத்திரண்டு வருடமாக மிளகு மூட்டை நிறுத்து வருபவர். சும்மா நிறுக்க அவருக்கு வராது. ஒன்று என்று சொல்ல மாட்டார். சந்தை வழக்கப்படி லாபம் என்பார். முதலில் தட்டில் உட்கார்ந்தவள் மூன்றாம் பாரம் படிக்கும் கண்ணாயி. வயது பதின்மூன்று. "லாபம்!" என்று மலை கேட்கக் கூவினார். எடையை அவர் வீசையில் கூவ, நான் வீசைக்கு மூன்று ராத்தல் சொச்சம் என்று பெருக்கி எழுதினேன். அறுபத்து நான்கு ராத்தல். நிறுத்து இறக்கியதும் காவியில் விரலைத் தோய்த்து அவள் முதுகுச் சட்டையில் ஒரு கோடு இழுத்தார். எதற்கு என்று கேட்டேன். "குறி போடலீன்னா ரெண்டு தடவ தூக்கிப்புடுவனுங்க. எல்லாம் ஒரே மாதிரி முழிக்குதுங்க" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது.

முப்பத்தொரு முதுகிலும் கோடு விழுந்தது. நிறுத்து முடிந்ததும் தலைமையாசிரியர் சங். ஞானாதிக்கம் சுவாமி அவர்கள், தொலைவிலிருந்து நடந்து வந்த பெற்றோர் வெறுங்கையாகத் திரும்பக் கூடாதென்று, ஆளுக்கொரு பால் பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள்.

கூவி நிறுத்தாயிற்று. குறி போட்டாயிற்று. எழுதியாயிற்று. கையில் ஒன்று கொடுத்தாயிற்று. சந்தையில் இந்த நான்கும் நடந்தால் சரக்கு கைமாறிவிட்டது என்று பொருள். இது சந்தைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். நான் சந்தைக்குப் போனதில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் தத்துவம் படித்தேன்.

4. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. வழக்கமாக முதல் நாளே வந்து பலாமரத்தடியில் உட்கார்ந்துவிடும் பெற்றோரில் ஒருவரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தேன். முதல் வீடு கண்ணாயியின் வீடு. தகப்பனார் மாதன். மிளகும் மரவள்ளியும் போடும் குடியானவர். பாய் விரித்தார். மோர் கொடுத்தார். மகள் உள்ளே ஓடப் பார்த்தாள். அவளுக்கும் தனிப் பாய் விரித்து, விருந்தாளிக்குப் போடுவதுபோல இலை போட்டார். அவள் சாப்பிடவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பெட்டியைத் தம் தலையில் வைத்துக்கொண்டு, "வாங்க வாத்தியாரே, இருட்டறதுக்குள்ள உங்க புள்ளையக் கொண்டாந்து உட்டுடறேன்" என்றார்.

வழியில் காரணம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பத்து வருசமா சந்தைக்கு மொளகு போடறேனுங்க. நிறுத்த மூட்டைய ஒரு நாளாச்சும் ஊட்டுக்குத் தூக்கிட்டு வந்திருப்பனா? வந்தா மலையே காறித் துப்புமுங்க."

பிள்ளையை விற்பீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"விப்பமாங்க? சாமியாரு கேட்டாரு. படிக்க வெக்கிறவரு. தராசையே மலையேத்திக் கொண்டாந்துட்டாரு. மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க. அன்னிக்கு எங்க ஊட்டுல அடுப்பு மூட்டலீங்க."

பால் பவுடர் டப்பாவை அவர் வீட்டில் பார்த்தேன். திறக்கவில்லை.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். மாலைக்குள் முப்பத்தொரு பேரும் திரும்பிவிட்டார்கள். விடுதியில் சமைக்கும் ராமாயி அம்மாள் சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். "ஏனுங்க வாத்தியாரே, ஓட்டிட்டுப் போனதயெல்லாம் திருப்பி ஓட்டியாந்துட்டீங்களே, வெள்ளாட்டுக் குட்டியாட்டம்" என்றார். பூட்டைத் திறந்தார்.

5. தலைமையாசிரியர் அவர்கள் பெற்றோரை வரவழைத்து, பள்ளி யாரையும் வாங்கவில்லை என்று விளக்கினார்கள். பெற்றோர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்படியானால் குறி எதற்கு என்று ஒருவர் கேட்டார். டப்பா எதற்கு என்று இன்னொருவர். சுவாமி அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

ஒரு வழி உண்டென்று மாதன் சொன்னார். சந்தையில் எப்போதாவது மூட்டை திரும்புவதுண்டு. அதே தராசில், அதே ஆள், எல்லோரும் பார்க்க மறுபடி நிறுக்க வேண்டும். எடை ஒத்தால் எடுத்துப் போகலாம். ஒப்புக்கொண்டோம். இது இரண்டாவது தவறு.

6. அக்டோபர் 6-ஆம் தேதி தராசு மறுபடி மலையேறியது. பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிட்டிருந்தார்கள். பால் குடித்திருந்தார்கள். சராசரி ஏழு ராத்தல் கூடியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் பதிவேட்டில் 'திருப்திகரம்' என்று எழுதியிருந்தேன். உண்மையில் பெருமைப்பட்டிருந்தேன்.

பெற்றோர் பின்வாங்கிவிட்டார்கள். கூடுதலாக உள்ளது பள்ளியுடையது என்றார்கள். அதை இனாமாகத் தருவதாகச் சுவாமி அவர்கள் சொன்னார்கள். பெற்றோரோ, நிறுத்ததற்கு மேல் எடுப்பது திருட்டு, இனாம் என்று சொன்னாலும் திருட்டுதான் என்றார்கள். அப்படியானால் அந்த ஏழு ராத்தல் பிள்ளையில் எங்கே இருக்கிறது, எப்படிப் பிரிப்பது? கேள்வி என் பக்கம் திரும்பியது. நான் படித்த நூல்களில் இதற்கு விடை இல்லை. நல்லமுத்து என்னும் மாணவனின் தாயார் சின்னாயி முன்னால் வந்து, "முடிய வெட்டிப் பாருங்க சாமி. அதுவும் உங்க சோத்துல வளந்ததுதானே?" என்றார். வெட்டினோம். தராசு அசையவில்லை. நல்லமுத்து மொட்டைத் தலையோடு இறங்கிப் போய் வரிசையில் நின்றுகொண்டான்.

ஒருவனுக்கு மட்டும் எடை ஒத்தது. பொன்னன். அவன் மூன்று வாரம் மலைக்காய்ச்சலில் கிடந்தவன். அவன் தாயார் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். பத்து வயதுப் பையன். கால் அவர் முழங்கால்வரை தொங்கியது.

மற்ற முப்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

7. அன்றிலிருந்து இப்பள்ளியின் மாணவர் நடவடிக்கைகள் மிகச் சிறப்பாக நடைபெறுகின்றன. விடியுமுன் எல்லோரும் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். நான் விசில் ஊதுவதில்லை. கால்பந்து நிற்பதே இல்லை. சாரணர் நடைப்பயணம் அடிவாரத்துப் புளியஞ்சோலை வரை என்றேன். போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி எப்போது என்று கேட்டார்கள். 'ஆர்வம்' என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுத வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை ஒரு வேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி பற்றி ஞானோபதேச வகுப்பில் கேள்விப்பட்டு, ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளும் ஒருசந்தி இருக்கிறார்கள். வெள்ளி போதாதென்று புதனும் சேர்த்துக்கொண்டார்கள். மலையில் பக்தி பெருகுவதாகச் சுவாமி அவர்கள் மறைமாவட்ட மேற்றிராணியார் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு நான் உண்மையைச் சொன்னேன். அந்தக் கடிதம் அதற்குள் தபாலில் போய்விட்டது.

8. இம்மனுவின் அவசரம் கண்ணாயி. அக்டோபரில் எழுபத்திரண்டு ராத்தல் இருந்தவள். எட்டு ராத்தல் குறைய வேண்டும். கம்பும் கயிறும் கட்டி, எடை தெரிந்த கற்களை வைத்து அவ்வப்போது நானே நிறுத்துப் பார்க்கிறேன். தட்டை அடுத்தவளிடம் தள்ளிவிடுகிறாள். அதட்டினோம். கெஞ்சினோம். ராமாயி அம்மாள் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வாய் கண்ணு, கெழவிக்காக" என்று அழுதார். "இன்னும் ரெண்டே ராத்தலுங்க ஆயா" என்று அவரையே தேற்றுகிறாள்.

ஜூனில் நான்கடி ஆறரை அங்குலம் இருந்தவள் இப்போது நான்கடி எட்டு. எடையைக் குறைக்கிறாள். உயரத்தைக் குறைக்க முடியவில்லை. நவம்பர் மாத எலும்புகளோடு ஜூன் மாத எடைக்குத் திரும்பப் பார்க்கிறாள். சென்ற 4-ஆம் தேதி காலை ஜெபத்தில் விழுந்துவிட்டாள். அடிவாரத்திலிருந்து வந்த கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் குறைந்தால் தம்மைக் கூப்பிட வேண்டியதில்லை என்றார்.

மாதன் சந்தைக்குப் போகும்போதெல்லாம் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறார். உள்ளே வருவதில்லை. மனைவி அத்தாயியை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டேன். "வந்தா புள்ளையத் தூக்கிட்டு ஓடிருவாளுங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்களப் பாக்கறது?" என்றார். போன முறை மகளை வேலியருகே அழைத்து வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "தின்னு சாமி" என்றார் அவர். அவள், "தின்னா எப்பங்கப்பா ஊட்டுக்கு வாரது?" என்றாள். அவர் வேலி முள்ளில் ஒன்றை ஒடித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

9. அவரிடம் பேசிப் பேசி ஒன்று தெரிந்துகொண்டேன். படிக்கல் பொய்யாக இருந்தாலோ, எழுதுகிறவன் பொய் எழுதியிருந்தாலோ, அன்று நிறுத்தது முழுவதும் செல்லாது. எல்லாச் சரக்கும் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். பொய் சொன்னவனை மேலிடத்து ஆள் வந்து சந்தையைவிட்டு விலக்குவார். அவன் அப்புறம் அந்தச் சந்தையில் கால் வைக்கக் கூடாது.

படிக்கல் பொய் என்று சொல்லும்படி செல்லமுத்துவைக் கேட்டேன். "இருவத்திரண்டு வருசமுங்க" என்றார். சுவாமி அவர்களைக் கேட்டேன். பொய் பாவம் என்றார்கள். நவநாள் ஜெபம் தொடங்கியிருக்கிறார்கள். மாதன் கூடுதலாக ஒரு பலம் எடைகூட வாங்க மாட்டார். இத்தனை நேர்மையான மனிதர்களுக்கு நடுவே ஒரு பெண் பட்டினி கிடக்கிறாள்.

பொய் சொல்லக் கூடியவன் நான் ஒருவனே. போன வாரம் பலாமரத்தடியில் நின்று, தவறாக எழுதிவிட்டேன் என்று சொல்லியும் பார்த்தேன். மாதன் சிரித்தார். "நம்ம வாத்தியாரு புள்ளைக்காவ பொய் சொல்றாருங்க. நல்ல மனுசன்" என்றார். எல்லோரும் என்னை அன்போடு பார்த்தார்கள். அன்பால் பயனில்லை.

10. ஆகவே தனித்தாளில் ஒரு வாக்குமூலம் எழுதி இணைத்துள்ளேன். செல்லமுத்து வீசையில் கூவியதை ராத்தலாக்காமல், மனம்போன எண்களை எழுதினேன் என்பது அதன் சாரம். பெருக்கியவன் நான் மட்டுமே. அன்று அதை வேறு யாரும் சரிபார்க்கவில்லை. அது பொய் என்பதைத் தாங்கள் மட்டும் அறிய வேண்டும். முப்பத்தொரு எடைகளும் சரியானவை. அவ்வளவு கவனமாக வேறெதையும் நான் செய்ததில்லை.

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது. தங்கள் உத்தரவின்றி ஓர் எண்ணையும் அடிக்க முடியாது. எனவே தாங்கள் (அ) மேற்படி எடைகள் அனைத்தையும் ரத்து செய்தும், (ஆ) பொய் எழுதிய குற்றத்துக்காக என்னை வேலையிலிருந்து நீக்கி, இம்மலையில் மறுபடி கால் வைக்கக் கூடாதென்றும், முத்திரையிட்டு உத்தரவிட வேண்டுகிறேன். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. இந்த மலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பது இம்மனுவுக்குத் தேவையில்லாத செய்தி.

11. இம்மனுவைத் தங்களிடம் கொண்டு வருபவர் மாதன். அவர் இதுவரை சேலம் பார்த்ததில்லை. உத்தரவு கையில் கிடைக்கும்வரை தங்கள் வாசலில் நிற்பார். நேற்று மாலை கண்ணாயியின் எடை அறுபத்தைந்தரை. ஆகவே அவரை அதிக நேரம் நிறுத்தி வைக்காதிருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் முகம் பார்க்கத் தெரியும். இம்மனுவை அவர் முன் வாசிக்க வேண்டாம். வாக்குமூலத்தை மட்டும் உரக்க வாசித்து, என்மேல் கடுங்கோபம் கொண்டு, முடிந்தால் மேசையை ஒரு தட்டுத் தட்டி உதவ வேண்டுகிறேன்.

தேவனூர் நாடு,
11-11-1957.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. அர்த்தனாரி

இணைப்பு: வாக்குமூலம், தாள் ஒன்று.