முள்ளில்லாத மரத்துக் காய்

அக்கா, இன்றைக்குக் காலையில் லாண்டரி ரூமுக்குத் துணி தூக்கிக்கொண்டு போனேன். பார்க்கிங் ஓரத்து மரம் வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறது. அதே கருவாட்டு வாடை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போதெல்லாம் கூடை தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

அமெரிக்காவுக்கு வந்து, இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊரில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறின வருஷம் இந்த வாடையைப் பிடித்துவிட்டு, "ஏட்டி, இங்க மரத்துலயே கருவாடு காய்க்கும் போலிருக்கே" என்றீங்க. அப்போது இரண்டு மரம். ஒன்றில் முள், ஒன்றில் இல்லை. புல் வெட்ட வருகிறவரைக் கேட்டால் இரண்டும் காட்டுப் பேரிக்காய்தான் என்றார். காய் காய்த்தால் ஊறுகாய் போடாமல் நமக்குக் கை சும்மா இருக்குமா? முள்ளில்லாததில் பறித்து உப்பில் ஊறவைத்தோம். ஒரே துவர்ப்பு. அப்படியே கொட்டினோம். மறுவருஷம் முள் மரத்தின் சிவப்புக் காய். கையெல்லாம் கீறல். உங்க மகள் லைப்ரரி புத்தகத்தில் பார்த்து, அது பேரியே இல்லை, ஹாதார்ன் என்று வேறு மரம், காயைச் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏற்றினோம். கொட்டை எடுத்து, வெல்லமும் மிளகாயும் போட்டுத் தொக்கு. அது இல்லாமல் உங்களுக்குத் தயிர்சோறு இறங்காது என்று ஆகிப்போனது.

பிறகு உங்களுக்குக் கேன்சர் வந்தது. மருந்து ஏற்றினதில் எதைத் தின்றாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினீங்க. சாப்பிடாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்க கேட்டது அந்தத் தொக்கு மட்டும்தான். குழந்தைகளுக்குக் குத்துகிறது என்று முள் மரத்தை அந்தக் கோடையில்தான் வெட்டியிருந்தார்கள். படுத்திருக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

பனி விழுந்து, முள்ளில்லாத மரத்துக் காய் கறுத்துக் குழைந்திருந்தது. அதையே பறித்தேன். வேகவைத்து வடிகட்டி, புளியை நிறையக் கரைத்து விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டினேன். ரொம்ப நேரம் மென்றீங்க.

"இது அந்த மரத்துக் காய் இல்லியே, என்னட்டி?"

நான் கரண்டியால் கிண்ணத்தைக் கிளறினேன்.

"வெட்டிட்டானுவளாக்கும். சரி, இன்னும் ஒரு வாய் தா."

கிண்ணம் காலியாகிற வரைக்கும் சாப்பிட்டீங்க. ருசித்துத்தானா, எனக்காகவா? கேட்க நினைத்து நினைத்தே நாள் போய், நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீங்க.

இப்போது எனக்கும் ஒன்றும் இறங்குவதில்லை. நான் தனியாகக் கிடக்கிறேன் என்று உங்க மகள் வேலை முடிந்து வந்து எதையாவது கிண்டி வைக்கிறாள். உப்பு இருக்காது, இல்லாவிட்டால் அடிப்பிடித்திருக்கும். "ஓகேவா ஆன்ட்டி?" என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் மென்று விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டுகிறேன் அக்கா.