நாற்பது நிமிட ஏர்ல்

பிப்ரவரி 19, 1811

காலையிலிருந்து மழை. நூலகத்தில் உட்கார்ந்து குடும்ப வரலாற்றில் மூன்றாம் ஏர்லை எழுதி முடித்தேன். மனைவி பெண்ணாகவே பெற்றாள் என்று அவளைக் கிழக்குக் கோபுரத்தில் பதினோரு வருடம் பூட்டி வைத்த புண்ணியவான். தாத்தாவின் குறிப்பில் அவரைப் பற்றி 'கண்டிப்பானவர்' என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. நானும் அதையே எழுதிவிட்டேன். குடும்ப வரலாறு எழுதுகிறவள் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

தம்பி எவரார்ட் நரி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்து இன்றோடு பதினாறு நாள். ஏவர்ஸ்கோம் பிரபு வம்சத்தின் ஏழாம் ஏர்ல். முப்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. பட்டமும் மாளிகையும் சித்தப்பா மகன் லயனலுக்குப் போகின்றன. அவன் பாத் நகரத்திலிருந்து பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டானாம்.

இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். இன்று காலை உணவு மேசையில் தம்பி பெண்டாட்டி தாமசின் முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, நான் முழுகாம இருக்கேன்."

"யாருக்கு அக்கா? லேடி ஹெஸ்தர்னு கூப்பிடு" என்றேன்.

பிரிஸ்டலில் பீர் காய்ச்சுகிறவனின் மகள் அவள். இருபத்திரண்டு வயது. கூடத்தில் ஏழு ஏர்ல்களின் படங்கள் தொங்குகின்றன. ஏழிலும் சாம்பல் நிறக் கண்கள். என் கண்ணும் அதுவே. எட்டாவது படத்தில் இவளுடைய சேற்று நிறக் கண் வந்து உட்காரப் போகிறதா?

பிப்ரவரி 24

வக்கீல் தம்பியின் உயிலைப் படித்தார். தோட்டத்தின் கோடியில் இருக்கும் கீழ்வீடு, தாமசின் ஒரு பிள்ளையை உயிரோடு பெற்றால் அவளுக்கு, அவள் ஆயுள் முழுக்க. பெறாவிட்டால் எனக்கு. அவள் பிரிஸ்டலுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நான் இந்த வீட்டில் பிறந்தவள். நாற்பத்தாறு வருடம் இங்கேயே இருந்தவள். கலியாணமாகாத அக்காவுக்குத் தம்பி விட்டுப்போனது 'பெறாவிட்டால்' என்ற ஒரு சொல். கீழ்வீடும் இல்லையென்றால் எனக்கு எந்தக் கூரை?

எவரார்ட், உன்னை நான் தூக்கி வளர்த்தேனடா.

மார்ச் 6

லயனல் வந்துவிட்டான். மேசையின் தலைமாட்டு நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டான். சாப்பாடு முடிந்து தாமசின் எழுந்து போனதும் என் பக்கம் சாய்ந்தான்.

"வயித்துல ஒண்ணுமே இல்லாம தலையணையக் கட்டிக்கிட்டு, கடைசியில எவ பெத்ததையோ கொண்டாந்து தொட்டில்ல போட்டா என்ன பண்ணுவீங்க?"

"அவ அவ்வளவு கெட்டிக்காரி இல்ல."

"அவ அப்பன் கெட்டிக்காரன். பழைய சட்டம் ஒண்ணு இருக்கு, ஹெஸ்தர். அடுத்த வாரிசு மனு போட்டா, கோர்ட்டு பொம்பளைங்கள அனுப்பி வயித்தச் சோதிக்கும். பிள்ள பொறக்குற வரைக்கும் காவலும் போடும். வீட்டுப் பொம்பள ஒருத்தர் 'எனக்குச் சந்தேகம் இருக்கு'ன்னு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

எனக்கு அந்தச் சட்டம் தெரியும். ஐந்தாம் ஏர்லின் விதவைக்கு இந்த வீட்டில்தான் அதைச் செய்தார்கள். அதைப் பற்றி நானே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

எனக்குச் சந்தேகம் இருக்கிறதா? இல்லை. அவள் தினமும் காலையில் வாந்தி எடுப்பது என் அறை வரைக்கும் கேட்கிறது.

மார்ச் 7

கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 18

மொத்தம் ஆறு பெண்கள் வந்தார்கள், வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. நீல அறையில் திரைச்சீலையை முழுக்க விலக்கச் சொன்னார்கள், வெளிச்சம் போதவில்லையாம். வீட்டின் சார்பில் நானும் நின்றேன். ஆறு ஜோடிக் கைகள். தாமசின் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கடைசியாகக் கை வைத்த கிழவிக்குக் கை சில்லென்று இருந்திருக்கும்போல, அப்போது மட்டும் உடம்பு தூக்கிப்போட்டது.

"நாலு மாசம், சந்தேகமே இல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே வந்து கேக் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனதும் தாமசின் சட்டையைச் சரி செய்துகொண்டே கேட்டாள். "இப்ப திருப்தியா, லேடி ஹெஸ்தர்?"

"காவல் பாக்கி இருக்கு" என்றேன்.

மே 2

கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டது. ஒரே அறை, ஒரே கதவு. துணைக்கு வீட்டுப் பெண் ஒருத்தி எந்நேரமும் இருக்க வேண்டும். லயனல் என் பெயரைக் கொடுத்திருக்கிறான், நானும் மறுக்கவில்லை.

அவளுக்குத் துணையாக பிரிஸ்டலிலிருந்து மார்ஜரி என்ற அத்தைக்காரி வந்திருந்தாள். பெரிய கூடை, பெரிய பாவாடை. 'பாவாடைக்குள் ஒரு குழந்தையையே ஒளித்துக்கொண்டு வரலாம்' என்று கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதினேன். அத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடிப்படியில் அவள் அழுத அழுகை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. எழுதி வைக்கிறேன், சிரித்தேன்.

ஜூன் 20

அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடும்ப வரலாற்றை உரக்கப் படிக்கிறேன். பிள்ளை பிறக்கப் போவது எப்படிப்பட்ட குடும்பத்தில் என்று அவளுக்கும் தெரியட்டும். மைத்துனனைக் காட்டிக்கொடுத்து அரசனிடம் பட்டம் வாங்கிய முதல் ஏர்ல். தங்கச்சியைக் கிழவனுக்குக் கட்டிவைத்து வடக்கு நிலம் முழுக்க வளைத்துப்போட்ட இரண்டாமவர். இன்று மூன்றாமவர். ஏட்டில் 'கண்டிப்பானவர்'தான், கோபுரத்தை வாயால் சொன்னேன்.

"பதினோரு வருஷமா? அந்தம்மா பேரு என்ன?" என்று கேட்டாள்.

நான் ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. தாத்தா எழுதவில்லை, நானும் தேடவில்லை.

ஜூலை 14

எவரார்டின் கல்லறையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறாள். கல்லறை மண்டபம் தோட்டத்தைத் தாண்டினால் வந்துவிடும். உத்தரவில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

உத்தரவில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

ஆகஸ்ட் 27

கையை ஊன்றி எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

காலை ஒன்பதுக்கு வலி எடுத்தது. கிராமத்து மருத்துவச்சி மிஸஸ் டாகெட்டும் நானும் மட்டும். பதினோரு மணிக்குப் பையன் பிறந்தான். மிகச் சின்னது, ஒரு கையில் அடங்கிவிடும். ரத்தம் நிற்காமல் தாமசின் நினைவிழந்து கிடந்தாள், மிஸஸ் டாகெட் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டாள்.

அழுதான். பெரிய சத்தம் இல்லை. கதவுக்கு வெளியே கேட்டிருக்காது. ஆனால் அழுதான்.

நிறம் மாறத் தொடங்கியது. என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் என் கை பாத்திரத்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. தலையில் மூன்று முறை விட்டேன். 'எவரார்ட், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.' எங்கள் வீட்டில் இருநூறு வருடமாக யாரும் ஞானஸ்நானம் இல்லாமல் செத்ததில்லை.

கண் திறக்கவே இல்லை. சாம்பல் நிறமா என்று பார்க்க நான் குனிந்து குனிந்து பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்கு அடங்கிவிட்டான்.

கீழே கூடத்தில் லயனல் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன?"

"பையன்."

அவன் முகம் வெளுத்தது. "உசிரோடவா?"

'இருந்தான், போய்விட்டான்' என்று சொல்லியிருக்கலாம். பட்டம் எப்படியும் லயனலுக்குத்தான். ஆனால் கீழ்வீடு? நாற்பது நிமிடம் மூச்சு விட்டிருந்தாலும் கீழ்வீடு அவளுக்கு. நான் தெருவுக்கு.

"செத்துப் பொறந்தது" என்றேன்.

அவன் மூச்சு விட்டான். "நல்லவேளை. ஒரு நிமிஷம் மூச்சு விட்டிருந்தாலும் பீர் காய்ச்சுறவன் பேரன் எட்டாவது, நான் ஒம்பதாவதுன்னு கல்லுல வெட்டியிருப்பாங்க."

ஆகஸ்ட் 29

செத்துப் பிறந்த குழந்தைக்கு ஜெபம் கிடையாது, மண்டபத்தில் இடமும் கிடையாது. கோவிலின் வடக்குச் சுவர் ஓரம், காஞ்சொறிச் செடிக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். பாதிரியார் ஆட்லி வரவில்லை, வரவும் கூடாது. தோட்டக்காரன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

மிஸஸ் டாகெட்டை வாசலில் நிறுத்தினேன். அவள் குடியிருப்பது எங்கள் குடிசையில்.

"நீ என்ன பாத்த?"

"ரத்தத்தப் பாத்தேன், அம்மா. நான் வேற எந்தப் பக்கமும் திரும்பல."

செப்டம்பர் 15

கோவிலில் திருவிருந்து வாங்கப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 30

தாமசின் இன்று கிளம்பினாள். கோர்ட்டில் நான் எழுதிக் கொடுத்த சத்தியப் பத்திரத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். வண்டியில் ஏறும் முன் திரும்பி வந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. அழுதானா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"செத்த பிள்ள எப்படி அழும்?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

அக்டோபர் 12

கீழ்வீட்டுக்குக் குடிவந்தாகிவிட்டது. புகைபோக்கி நன்றாக இழுக்கிறது. தெற்கு அறை சூடாக இருக்கிறது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கோவிலின் வடக்குச் சுவர். இந்த ஜன்னலை நான் இதுவரை திறந்ததே இல்லை.

ஜனவரி 9, 1812

வரலாற்றில் ஏழாம் ஏர்லை முடித்தேன். 'வாரிசின்றி மறைந்தார்.' எழுதி, மை உலர்வதற்காகக் காத்திருந்தேன். அடுத்த வரி, 'எட்டாம் ஏர்ல் லயனல்.' அதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

மார்ச் 3

பீர்க்காரன் மகளுக்காகக் கீழ்வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான். மிஸஸ் டாகெட் தன் மகளைப் பார்க்க பிரிஸ்டல் போனவள் திரும்பி வரவே இல்லை. லயனல் விழுந்தடித்து ஓடி வந்தான்.

"அந்தக் கிழவி என்ன சொல்லிடப் போறா? நீங்க ஏர்ல் மகள், அவ மருத்துவச்சி. ஒங்க வார்த்தைதான் நிக்கும். பயப்படாதீங்க."

பயமா? இல்லை. வேறு என்னவோ.

ஏப்ரல் 22

முடிந்தது.

மிஸஸ் டாகெட் சாட்சி சொன்னாள். குழந்தை உயிரோடு இருந்ததா என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க ஐயா. நான் தாயப் பாத்துக்கிட்டிருந்தேன். ஹெஸ்தர் அம்மா தண்ணி எடுத்து அது தலையில விட்டாங்க, பேரு சொன்னாங்க. அத மட்டும் பாத்தேன்."

பிறகு என்னை ஏற்றினார்கள். எதிர்க்கட்சி வக்கீல் ஸ்னெல், ஆளைச் சுற்றி மூக்குப்பொடி வாசம். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"லேடி ஹெஸ்தர், செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறது பாவம்னு நம்ம திருச்சபை சொல்லுது. ஒண்ணு நீங்க அந்தப் பாவத்தப் பண்ணீங்க, இல்ல பிள்ள உசிரோட இருந்தது. ஏவர்ஸ்கோம் குடும்பத்துல பிணத்துக்குப் பேரு வைக்கிற வழக்கம் உண்டா?"

கிழவி பொய் சொல்கிறாள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். லயனல் கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தான். என் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். ஆனால் அந்த மூக்குப்பொடிக்காரன் எங்கள் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"எங்க வீட்டுல பிணத்துக்கு யாரும் ஞானஸ்நானம் குடுக்கறதில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. தாமசின் மட்டும் பின் வரிசையில் எழுந்து நின்றாள்.

பொய்ச் சத்தியத்துக்குச் சிறை உண்டு. ஏர்லின் மகள் என்பதால் நீதிபதி கண்டித்ததோடு விட்டுவிட்டார்.

மே 30

வடக்குச் சுவர் ஓரத்திலிருந்து பெட்டியைத் தோண்டி எடுத்து மண்டபத்தில் வைத்தார்கள். பாதிரியார் ஆட்லி முழு ஜெபமும் செய்தார். என்னை உள்ளே விடவில்லை. வெளியே நின்று கேட்டேன். கல்லில் 'எட்டாம் ஏர்ல் எவரார்ட்' என்று வெட்டியிருக்கிறார்களாம். லயனல் ஒன்பதாவது. மாளிகை வாசலில் எனக்குக் கதவைத் திறக்க வேண்டாம் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டான்.

வரலாற்றில் கடைசித் தாளைக் கிழித்தேன். புதிதாக எழுத வேண்டும். 'எட்டாம் ஏர்ல், நாற்பது நிமிடம்.' வேறென்ன எழுதுவது அவனைப் பற்றி?

ஜூன் 11

தாமசின் கீழ்வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பெட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், வண்டிக்கும் சொல்லி வைக்கவில்லை, போக இடமும் இல்லை. தொப்பியைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"மேல ஒரு ரூம் இருக்கு. சின்னது. ஒரே ஒரு ஜன்னல். நீ அதுல இருந்துக்கலாம், ஹெஸ்தர்."

'அக்கா'வும் இல்லை, 'லேடி'யும் இல்லை. நான் திருத்தவில்லை.

"எதுக்கு?" என்றேன்.

"அவன உசிரோட பாத்தது நீ ஒருத்திதான். தெனம் பதினோரு மணிக்குக் கீழ வந்து எனக்குச் சொல்லணும். நாற்பது நிமிஷம். சொல்லாத அன்னிக்குப் பெட்டியத் தூக்கிக்கலாம்."

ஜூன் 12

சொன்னேன். எப்படி அழுதான் என்று மூன்று தடவை அழுது காட்டச் சொன்னாள். காட்டினேன்.

ஜூலை 2

விரல் நகம் இருந்ததா என்றாள். இருந்தது.

ஆகஸ்ட் 27

ஒரு வருடம். கடிகாரத்தை என் மடியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு நிமிடமும் அவன் என்ன செய்தான் என்று சொல்லச் சொன்னாள். அவன் ஒன்றுமே செய்யவில்லை. கிடந்தான். அதை நாற்பது தடவை சொன்னேன். இவள் என்னைத் துன்புறுத்துகிறாளா, இல்லை தன்னையா? வெளியில் வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சமையல்காரி பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 5

மூன்றாம் ஏர்லின் மனைவி பெயர் பழைய சலவைக் குறிப்பு ஒன்றில் கிடைத்தது. சிசிலி. எழுதிச் சேர்த்தேன். 'கண்டிப்பானவர்' என்பதை அடித்தேன்.

நவம்பர் 17

பதினோரு மணி. வழக்கமான நாற்காலி. புதிதாகக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.

"கண்ணத் தொறந்தானா?"

திறக்கவில்லை. இத்தனை மாதமாக அவள் இதை மட்டும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தொறந்தான்" என்றேன்.

"என்ன நிறம்?"

மாளிகைக் கூடத்து ஏழு படங்களும் சாம்பல் கண்களோடு ஒரு கணம் எனக்கு முன்னால் வந்து நின்றன.

"ஒன்னோடது" என்றேன். "பழுப்பு."